அதிகமாத்தானுங்களே இருக்கு?

"அக்கா, இது அதிகமாத்தானுங்களே இருக்கு? அப்ப நல்லதுதானுங்க?"

இந்தக் கேள்வியை ஒரு தம்பி என்னிடம் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது என்று பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. கவுண்டரில் நிற்கும்போது ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அதில் பாதி அன்று மாலையே மறந்துவிடும். இந்த ஒன்று மட்டும் போகவில்லை.

அந்தத் தம்பிக்கு முப்பது, முப்பத்தொன்று இருக்கும். தறி ஓட்டுகிறவர், சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. கூடவே மனைவி. அவர் கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் நான்கு விரல் கனத்துக்கு ஒரு ஃபைல். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு எடுத்த ஸ்கேன், தைராய்டு, கருக்குழாய் எக்ஸ்ரே, மாதா மாதம் கருமுட்டை வளர்ச்சி பார்த்த சீட்டு எல்லாம் அதில் இருந்தன. கணவருடைய கணக்கில் அன்று கொடுத்த இரண்டு தாள்தான், அதுவும் முதல் தடவையாக. ஒன்று விந்துப் பரிசோதனை, மற்றொன்று ஹார்மோன். விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை என்ற இடத்தில் 'நில்', அதாவது ஒன்றுமே இல்லை, என்று இருந்தது. ஹார்மோன் தாளில் எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன் 28.6, பக்கத்தில் எல்லையைத் தாண்டியதற்கு அடையாளமாக ஒரு நட்சத்திரக் குறி. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கீழ் எல்லையை ஒட்டி நின்றது.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அந்த நேரத்தில் அக்கா ஆகிவிட்டேன். ஒன்றில் சைபர், இன்னொன்றில் அளவுக்கு மேலே. அவருக்குத் தெரிந்த கணக்கில் இது கம்மி, அது அதிகம், ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொள்ளும். ரத்தத்தில் இரும்புச்சத்து கம்மி என்றால் கெடுதல், கூடினால் நல்லது என்றுதானே நாமெல்லாம் கேட்டுப் பழகியிருக்கிறோம்? ஹார்மோன் கூடினால் ஆண்மை கூடும் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு?

"டாக்டர்கிட்ட காட்டுங்க தம்பி, அவங்க சொல்லுவாங்க" என்றேன். எங்கள் வேலையில் அதற்கு மேல் பேசக் கூடாது, அது சரியான விதிதான், இன்றும் அதை மதிக்கிறேன். ஆனால் அவர் மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா, ஹார்மோன் எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று சொன்னபோது அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்துவிட்டேன். அது கலையப்போகிற நிம்மதி என்று தெரிந்தும் ஸ்டேப்ளரை எடுத்து தாளைப் பின் பண்ணிக் கொடுத்தேன்.

வாசலில் நின்று கூப்பிடுகிற அம்மா

அன்று சொல்ல முடிந்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன். சாயங்காலம் விளையாடப் போன பிள்ளையை அம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறாள். "இதோ வர்றேன்மா" என்று பதில் வந்தால் குரலைத் தணித்துக்கொள்வாள். பதில் வராவிட்டால் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவாள், அப்போதும் வராவிட்டால் தெருவே கேட்கிற மாதிரி. எஃப்.எஸ்.ஹெச். என்பது அந்தக் குரல். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரையைப் பார்த்து 'விந்தணு உற்பத்தி நடக்கட்டும்' என்று கொடுக்கிற குரல். விரைக்குள் விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்கள் அதைக் கேட்டு வேலை செய்கின்றன. வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளமாக அவை இன்ஹிபின் பி என்ற ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடும். அதுதான் 'இதோ வர்றேன்'. அது போய்ச் சேர்ந்ததும் பிட்யூட்டரி குரலைக் குறைத்துக்கொள்ளும்.

ஆக, 28.6 என்பது அந்தத் தம்பியின் உடம்பில் ஏதோ நிறைய இருக்கிறது என்று சொல்லும் எண் இல்லை. அவ்வளவு சத்தமாகக் கூப்பிட வேண்டியிருக்கிறது, பதில் சரியாக வரவில்லை என்று சொல்லும் எண்.

இந்தப் பதில் ஹார்மோனைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடிக்கும். 1932-லேயே மெக்கல்லா என்ற ஆராய்ச்சியாளர், காளையின் விரையிலிருந்து தண்ணீரில் கரையும் ஒரு சாறு எடுத்து, காயடித்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். காயடித்தால் பிட்யூட்டரியில் வருகிற மாற்றம் அந்தச் சாறு கொடுத்த எலிகளில் வரவில்லை. ஆக, விரையிலிருந்து ஏதோ ஒன்று மேலே போய் 'போதும்' என்று சொல்கிறது. அதற்கு இன்ஹிபின் என்று பெயரும் வைத்துவிட்டார். ஆனால் அந்தப் பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க 1985 வரை ஆனது. ஆண்களில் வேலை செய்வது அதன் பி வடிவம்தான் என்று தெளிவானது 1996 வாக்கில். பெயர் வைத்து ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் ஆளையே பார்த்தார்கள். ரத்தத்தில் இத்தனை நுண்ணிய அளவில் இருக்கும் ஹார்மோனை அளக்கலாம் என்று வழி காட்டிய ரோசலின் யாலோவுக்கு 1977-இல் நோபல் கொடுத்தார்கள். அதே வருடம் அந்தப் பரிசின் மறுபாதி, பிட்யூட்டரிக்கே மேலிருந்து கட்டளை போகும் ஹார்மோன்களைப் பிரித்தெடுத்த கியுமனுக்கும் ஷாலிக்கும். இப்போது எங்கள் மெஷின் ஒளியை வைத்து அளக்கிறது, யாலோ காலத்துக் கதிரியக்கமெல்லாம் இல்லை. ஆனாலும் அந்த மெஷினைப் போடும்போது சில நாள் யாலோ அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

இன்ஹிபின் பி எங்கள் லேபில் செய்வதில்லை, வெளியூருக்கு அனுப்ப வேண்டும், விலையும் கூட. அதனால் நாங்கள் பதிலை நேராகக் கேட்பதில்லை. கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் பதில் வந்ததா இல்லையா என்று ஊகிக்கிறோம். இதைப் புரிந்துகொண்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்த மாதிரி.

எல்லா சைபரும் ஒரே சைபர் இல்லை

விந்துப் பரிசோதனைத் தாளில் சைபர் என்று பார்த்ததும் ஆண்கள் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில், ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பது கீழ் எல்லை. கோடியில் எண்ணுகிற இடத்தில் சைபர் என்றால் யாருக்கும் தலை சுற்றும். ஆனால் அந்த சைபருக்குப் பக்கத்தில் எஃப்.எஸ்.ஹெச். எவ்வளவு என்று பார்த்தால்தான் கதையே தொடங்குகிறது.

எஃப்.எஸ்.ஹெச். சாதாரணமாக இருந்து, விரையின் அளவும் நன்றாக இருந்து, கவுண்ட் மட்டும் சைபர் என்றால் பெரும்பாலும் உள்ளே உற்பத்தி நடக்கிறது, வரும் வழியில்தான் அடைப்பு. பழைய கிருமித்தொற்று, சின்ன வயதில் செய்த குடலிறக்க ஆபரேஷன், சிலருக்குப் பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதது என்று காரணங்கள். பிள்ளை பதில் சொல்லிவிட்டான், கதவுதான் பூட்டியிருக்கிறது. இன்னொரு சைபரில் எஃப்.எஸ்.ஹெச். தரையில் கிடக்கும், 0.5-க்கும் கீழே கூட. அங்கே விரையில் பிழை இல்லை, அம்மாவே கூப்பிடவில்லை. பருவ வயதே சரியாக வராமல், மீசை அரும்பாமல், சிலருக்கு வாசனை கூடத் தெரியாமல் வருவார்கள். இந்த வகைதான் மருந்தால் சரியாக அதிக வாய்ப்புள்ளது. பிட்யூட்டரி செய்ய வேண்டிய வேலையை ஊசியாகப் போடுவார்கள். ஆறு மாதமோ இரண்டு வருடமோ ஆகலாம், ஆனால் சைபராக இருந்த தாளில் எண் வர ஆரம்பிக்கும். அப்படி ஒருவருடைய ரிப்போர்ட்டை நானே அடித்திருக்கிறேன். லட்சக் கணக்கில்தான் இருந்தது, கோடி எல்லாம் இல்லை, ஆனாலும் இரண்டு முறை ஸ்லைடு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளைக் கொடுத்தேன்.

குழப்புகிற சைபரும் உண்டு. விந்தணு முதல் படிகளில் உருவாகிறது, பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த ஆரம்பப் படிகள் ஓடிக்கொண்டிருப்பதால் செர்டோலி செல்கள் 'இதோ வர்றேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எஃப்.எஸ்.ஹெச். கச்சிதமாக சாதாரண அளவில் நிற்கும். தாளில் நட்சத்திரம் இருக்காது, கவுண்ட் மட்டும் இருக்காது. பதில் சொல்வது விந்தணு இல்லை, அதை வளர்க்கிற செல், அதனால் வருகிற வினை இது.

அந்த நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் எஃப்.எஸ்.ஹெச்.சுக்கான எல்லை 1.5 முதல் 12.4 வரை என்று இருக்கும், இன்னொரு லேபில் 1.4 முதல் 18.1 வரை என்று இருக்கும். அது கிட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குழந்தை பெற்ற ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட எல்லை என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் துறை டாக்டர்கள் பலர் 7.6-ஐத் தாண்டினாலே உற்பத்தியில் குறை இருக்குமோ என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். 2002-இல் வந்த ஓர் ஆய்வில், கவுண்ட் சைபராக இருந்தவர்களில் எஃப்.எஸ்.ஹெச். 7.6-க்கு மேலும் விரையின் நீளம் 4.6 சென்டிமீட்டருக்குக் கீழும் இருந்தால், பத்தில் ஒன்பது பேருக்கு உற்பத்தியில்தான் கோளாறு என்று கண்டார்கள். எங்கள் தாளில் 11 வந்தால் நட்சத்திரம் விழாது. "எல்லாம் நார்மல்தான்" என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொரு விஷயம், இது வேறு மாதிரி கோபம். டெஸ்டோஸ்டிரோன் கம்மி என்று தெரிந்ததும் அதையே ஊசியாகப் போட்டுக்கொள்கிற ஆண்கள். சிலர் ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று போடுகிறார்கள், சிலருக்கு யோசிக்காமல் எழுதிக் கொடுத்தே விடுகிறார்கள். வெளியிலிருந்து போகும் டெஸ்டோஸ்டிரோனைப் பார்த்ததும் மூளை 'நிறைய இருக்கிறது' என்று நினைத்துக் கூப்பிடுவதையே நிறுத்திவிடும். விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அதை ஊசியால் கொடுக்க முடியாது, உள்ளேதான் ஊற வேண்டும். அந்த ஊற்று வற்றிவிடும். இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது. வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கவுண்ட் சைபருக்கே போனது, 1990-இல் வெளிவந்த ஆய்வு. குழந்தைக்காக ஏங்குகிறவனுக்குக் கருத்தடை ஊசி போடுவது எவ்வளவு பெரிய கொடுமை? நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். அதிக அளவில் இருந்தால் சில மெஷின்களில் எஃப்.எஸ்.ஹெச். உண்மையைவிடக் குறைவாகவும், டெஸ்டோஸ்டிரோன் உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலையில் பத்து மணிக்குள் ரத்தம் கொடுங்கள், மாலையில் அது இறங்கிவிடும்.

நானும் தப்பாகத்தான் படித்தேன்

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். அவர் போன பிறகு மனதுக்குள் நான் என்ன நினைத்தேன் என்பதை இதுவரை எழுதவில்லை. 'பாவம், முடிஞ்சுது' என்று நினைத்தேன். 28.6, கவுண்ட் நில், உள்ளே ஒன்றும் இல்லை. அவர் நல்லது என்று படித்தார், நான் தீர்ப்பு என்று படித்தேன். என் படிப்பு சரி, அவர் படிப்பு தப்பு என்ற நிச்சயத்தில்தான் எனக்கு அவர்மேல் இரக்கமே வந்தது.

ஒரு வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பு. விந்துப் பரிசோதனையைச் சரியாகச் செய்வது பற்றி. ஆண்களின் குழந்தையின்மையைப் பார்க்கும் ஒரு ஆண்ட்ராலஜி டாக்டர் பேசினார். விந்து மாதிரியை வேகமாகச் சுழற்றி, அடியில் படிவதை முழுக்கத் தேடாமல் 'நில்' என்று எழுதாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு விந்தணு கிடைத்தாலும் அது ஒரு குடும்பம் என்றார். விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை 1992-இல் வந்த பிறகு, ஒரு கருமுட்டைக்கு ஒரே ஒரு விந்தணு இருந்தால் போதும். அப்புறம்தான் எனக்கு உதறலெடுத்த விஷயத்துக்கு வந்தார். எஃப்.எஸ்.ஹெச். எவ்வளவு ஏறினாலும் உள்ளே விந்தணு இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஏனென்றால் அந்த எண் மொத்த விரைக்குமான சராசரிக் குரல். விரைக்குள் நூல் போல மெல்லிய குழாய்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. அதில் பெரும்பகுதி வறண்டுபோயிருக்கும், பிட்யூட்டரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும், ஆனால் எங்கோ ஒரு மூலையில் நான்கைந்து குழாய்களில் மட்டும் உற்பத்தி நடந்துகொண்டிருக்கலாம். ரத்தத்தில் அந்த மூலை தெரியவே தெரியாது. நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல் என்ற டாக்டர், ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் வைத்து அந்தக் குழாய்களைத் தேடி எடுக்கும் முறையை 1999-இல் வெளியிட்டார். கொஞ்சம் தடித்து வெண்மையாக இருக்கும் குழாயைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. 2009-இல் அவர்கள் எஃப்.எஸ்.ஹெச். அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 45-க்கு மேல் இருந்தவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே கிடைத்தது. பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் க்ளைன்ஃபெல்டர் ஆண்களுக்கு, சுமார் 600 ஆண் குழந்தைகளில் ஒன்று அப்படிப் பிறக்கிறது, எஃப்.எஸ்.ஹெச். பெரும்பாலும் உச்சத்தில்தான் இருக்கும், அவர்களிலும் கணிசமானவர்களுக்குக் கிடைக்கிறது. உண்மையிலேயே 'வேண்டாம், ஆபரேஷன் பயன்படாது' என்று சொல்லக்கூடிய சோதனை வேறு. ஒய் குரோமோசோமில் ஏ, பி என்று சொல்லும் இரண்டு பகுதிகளில் ஒன்று முழுதாக இல்லாவிட்டால் கிடைக்காது. சி பகுதி மட்டும் இல்லையென்றால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த 28.6-ஐயே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக ஒரு வருடம் வருந்தியிருக்கிறேன். வாயைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? 'இது நல்லதில்லைப்பா, உள்ளே உற்பத்தியே இல்லை' என்றுதானே? அவர் ஊருக்குப் போய் ஃபைலை மூடி வைத்திருப்பார். என் மௌனம்தான் அவருக்கு நான் செய்த நல்லது என்றுகூட அன்று தோன்றியது. அதையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அந்த நிம்மதியோடு டாக்டரிடமே போகாமல் இருந்திருந்தால்? எங்கள் பக்கம் ஆண்கள் ஒரு தடவை டெஸ்டுக்கு வருவதே பெரிது. இரண்டாவது தடவை என்றால் ஒளிந்துகொள்வார்கள். விந்தணு ஒன்று உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல்கூட இன்றைய கவுண்ட்டைக் குறைத்துக் காட்டும். ஒரே தாளை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது. இதை யார் அவரிடம் சொல்லியிருப்பார்கள்?

இப்போது யாராவது அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றால், "தம்பி, இந்த நம்பர் கூடினா நல்லதுன்னு அர்த்தம் இல்லைங்க, கெட்டதுன்னு முடிவும் இல்லைங்க. ஆண்களுக்குன்னே பாக்கற டாக்டர்கிட்ட இந்த ரெண்டு தாளையும் சேர்த்துக் காட்டுங்க, விட்டுடாதீங்க" என்று சொல்கிறேன். விதியை மீறவில்லை என்றே நினைக்கிறேன், எந்த நோயின் பெயரையும் நான் சொல்வதில்லை. எங்கள் லேபில் 'நில்' என்று எழுதுவதற்கு முன் மாதிரியைச் சுழற்றி அடியில் தேடுவதை இப்போது நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு ஸ்லைடுக்கு இருபது நிமிடம் போனாலும் போகட்டும்.

அந்தத் தம்பியின் நம்பர் பழைய ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஒருமுறை எடுத்துப் பார்த்தேன், கூப்பிடவில்லை. ஒருவருடைய ரிப்போர்ட்டை வைத்து நானாகப் போன் செய்ய எனக்கு உரிமை கிடையாது. யார் எடுப்பார்கள் என்பதும் தெரியாது. அவர் அம்மா எடுத்தால் என்ன சொல்வது?

அன்று அவர் சந்தோஷமாகச் சொன்னபோது அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதை அப்போதே பார்த்தேன், அர்த்தம் பிறகுதான் பிடிபட்டது. ஐந்து வருடம் தன் ரிப்போர்ட்டுகளைத் தானே படித்துப் பழகியவர். ஊரில் 'ஏதாவது விசேஷம் உண்டா' என்ற கேள்விக்கு ஐந்து வருடம் அவர்தான் பதில் சொல்லியிருப்பார். தாளைக் கையில் வாங்கியதும் கண் நேராக வலது ஓரத்துக்குப் போனது, அங்கிருந்த எல்லையைப் பார்த்தார், நட்சத்திரத்தைப் பார்த்தார், கணவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தாளையும் நான்காக மடிக்காமல், முனை கசங்காமல், தன் ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்து மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, வாங்க" என்றார்.